ஈனுலை ஈனுவது எதை?

1

‘ஈனுலை’ என்பது அழகான சொல். மாடு கன்று ஈனும், நெல் கதிர் ஈனும், வாழை குலை ஈனும். உயிருள்ளவை தம்மைத் தாமே பெருக்கிக்கொள்வதைச் சொல்லும் இந்த வினையைக் கொண்டுபோய் ஓர் அணு உலைக்குப் பெயராகச் சூட்டிய அன்றே அந்த உலை பற்றிய பிரச்சாரத்தில் பாதி முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘பிரீடர்’ என்பதும் கால்நடை வளர்ப்பிலிருந்து போன சொல்தான். எரித்த விறகைவிடக் கூடுதலான விறகை அடுப்பே திருப்பிக் கொடுக்கும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இந்தக் கட்டுரை கேட்பது ஒரே கேள்வி: அந்த உலை உண்மையில் ஈனுவது எதை? எரிபொருளை என்பது அதிகாரபூர்வமான பதில். அந்தப் பதிலைப் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதைத் தள்ளிவிடுவதால் நமக்கு லாபமும் இல்லை. அந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் அது வேறு ஒன்றை மறைக்கத் தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே மங்கலம்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கல்பாக்கத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்களுக்குக் கிழக்கே நெய்வேலி. ‘நாட்டுக்குக் கரண்டு’ என்ற ஒரே வாக்கியத்தின் முன்னால் ஊர் ஊராக நிலம் எப்படிக் கைமாறுகிறது என்பதை 1950களிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் வட்டாரம் இது. வடகிழக்கே கடலோரத்தில் அதே வாக்கியம் இன்னும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கூடங்குளம் பற்றி நம்மிடையே நிறையப் பேசியாயிற்று, இடிந்தகரை நமக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. ஆனால் ரஷ்யாவிலிருந்து வந்த உலையைக் கேள்வி கேட்ட அளவுக்கு, ‘நம்முடைய சொந்த’ உலை என்று பெருமையோடு காட்டப்படும் கல்பாக்கம் ஈனுலையை நாம் கேள்வி கேட்கவில்லை. சுதேசி என்ற சொல் நம் வாயையும் கொஞ்சம் கட்டித்தான் வைத்திருக்கிறது.

2

முதலில் உலை எப்படி வேலை செய்கிறது என்பது. இதை விஞ்ஞானிகளிடம் விட்டுவிட்டு ‘அரசியலை’ மட்டும் பேசுவது சரிப்படாது. இங்கே அரசியல் உலைக்கு வெளியே இல்லை, உலையின் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது.

மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஆயிரத்தில் ஏழு பங்கு யுரேனியம்-235. மீதி ஏறக்குறைய முழுவதும் யுரேனியம்-238. மெதுவாக வரும் நியூட்ரான் மோதினாலும் பிளந்து வெப்பம் தருவது அந்த ஏழு பங்குதான். மற்ற 993 பங்கு சாதாரண உலையில் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. ஆனால் முழுக்கச் சும்மா கிடப்பதில்லை. ஒரு யுரேனியம்-238 அணு ஒரு நியூட்ரானை விழுங்கினால் யுரேனியம்-239 ஆகிறது. 23 நிமிடத்தில் அதில் பாதி நெப்டூனியமாக மாறுகிறது. நெப்டூனியத்தில் பாதி இரண்டே கால் நாளில் புளுட்டோனியம்-239 ஆகிறது. அந்தப் புளுட்டோனியம் பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகள் வேண்டும். நிமிடம், நாள், பிறகு ஒரேயடியாக ஆயிரமாயிரம் ஆண்டுகள். இந்தக் கால வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புளுட்டோனியம் யுரேனியம்-235 போலவே பிளக்கும், வெப்பம் தரும். ஆக, எரியாத யுரேனியத்தை எரியும் புளுட்டோனியமாக மாற்றலாம். எல்லா அணு உலையிலும் இது கொஞ்சம் நடக்கிறது. எரிந்து தீர்வதைவிட அதிகமாக நடக்கும்படி அமைத்தால் அது ஈனுலை.

அதிகமாக நடக்க என்ன வேண்டும்? நியூட்ரான் கணக்கு சரியாக வர வேண்டும். ஓர் அணு பிளக்கும்போது வெளியே வரும் நியூட்ரான்களில் ஒன்று அடுத்த அணுவைப் பிளக்கப் போக வேண்டும், இல்லையென்றால் தொடர்வினை நின்றுவிடும். இன்னொன்று, எரிந்துபோன அணுவுக்கு ஈடாகப் புது அணுவை உண்டாக்க வேண்டும். இதற்கு மேலும் மிச்சம் இருந்தால்தான் பெருக்கம். வழியில் இரும்பு விழுங்கும், சோடியம் விழுங்கும், சில வெளியே ஓடிப்போகும். அந்தச் செலவெல்லாம் போகவும் கையில் ஏதாவது நிற்க வேண்டும். மெதுவான நியூட்ரானை வைத்துப் புளுட்டோனியத்தைப் பிளந்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. புளுட்டோனியம் அதில் ஒரு பங்கைப் பிளக்காமலே விழுங்கிவிடுகிறது. வேகமான நியூட்ரானாக இருந்தால் விழுங்குவது குறைந்து பிளப்பது கூடுகிறது, மிச்சமும் நிற்கிறது. ‘வேக’ ஈனுலை என்பதில் உள்ள வேகம் நியூட்ரானின் வேகம்தான். சீக்கிரமாக எரிபொருள் பெருகும் என்ற அர்த்தம் அதற்குக் கிடையாது. பத்திரிகைகளில் இந்தக் குழப்பம் வசதியாக நீடிக்கிறது.

நியூட்ரானின் வேகம் குறையக் கூடாது என்று முடிவு செய்ததும் மற்றதெல்லாம் தானாகவே வந்துவிடுகிறது. தண்ணீர் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும், ஆகவே உலையைக் குளிர்விக்கத் தண்ணீர் கூடாது. அதன் இடத்தில் உருக்கிய சோடியம். அது 98 டிகிரியில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும். ஆகவே அதிக அழுத்தம் இல்லாமலே நிறைய வெப்பத்தை எடுத்துச் செல்லும். இது உண்மையான அனுகூலம், மறுக்கத் தேவையில்லை. ஆனால் சூடான சோடியம் காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். உலைக்குள் போய் வரும் சோடியம் கதிர்வீச்சும் ஏறியது. எனவே நடுவில் இன்னொரு சோடியச் சுற்று வைத்து, அந்த இரண்டாம் சுற்றுச் சோடியத்திலிருந்துதான் நீராவி உண்டாக்குகிறார்கள். எங்கே சுற்றினாலும் கடைசியில் ஓரிடத்தில் ஒரு குழாய்ச் சுவரின் இந்தப் பக்கம் சோடியமும் அந்தப் பக்கம் தண்ணீரும் ஓடியாக வேண்டும். உலகத்து ஈனுலைகளின் வரலாற்றில் பெரிய பகுதி அந்தச் சுவரைப் பற்றியதும் சோடியக் கசிவைப் பற்றியதும்தான்.

கல்பாக்கத்தில் கட்டப்பட்ட முன்மாதிரி வேக ஈனுலை 500 மெகாவாட் மின்சாரத்துக்கானது. அது தர வேண்டிய வெப்பம் 1,250 மெகாவாட். ஏறக்குறைய 1,750 டன் சோடியம். நடுவே புளுட்டோனிய ஆக்சைடும் யுரேனிய ஆக்சைடும் கலந்த எரிபொருள், அதில் நாலில் ஒரு பங்கு அளவுக்குப் புளுட்டோனியம். அதைச் சுற்றி, வெறும் யுரேனியம் நிரப்பிய ஒரு போர்வை. நடுவிலிருந்து தப்பி ஓடும் நியூட்ரான்கள் அந்தப் போர்வையில் மாட்டிக்கொண்டு அங்கே புதுப் புளுட்டோனியத்தை உண்டாக்கும்.

இன்னொன்று. ஈன்ற புளுட்டோனியம் தானாக எழுந்து வந்து அடுத்த உலைக்குள் உட்கார்ந்துகொள்ளாது. கதிர்வீச்சு நிறைந்த அந்தத் தண்டுகளை வெட்டி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கரைப்பான் கொண்டு புளுட்டோனியத்தைத் தனியே பிரிக்க வேண்டும். மறுசுத்திகரிப்பு ஆலை இல்லாமல் ஈனுலை இல்லை. ஈன்றெடுக்கும் வேலை நடப்பது அந்த ஆலையில்தான். அங்கேதான் கை அருகே போகிறது, அதாவது தொழிலாளியின் கை.

3

இதன் வரலாறு ஒரு பயத்தில் தொடங்குகிறது. 1944இல் சிகாகோவில் ஃபெர்மியும் சிலார்டும் மற்றவர்களும் போருக்குப் பிந்தைய உலைகளைப் பற்றிப் பேசியபோது, உலகத்தில் யுரேனியம் மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது என்று நம்பினார்கள். இருப்பதைப் பெருக்கும் உலை என்ற யோசனை அந்தப் பற்றாக்குறையிலிருந்து வந்தது. 1951 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஐடாஹோ பாலைவனத்தில் ஒரு சிறிய ஈனுலை நாலு பல்புகளை எரிய வைத்தது. அணுவிலிருந்து மின்விளக்கு எரிந்த முதல் சில தருணங்களில் ஒன்று அது. நாலே வருஷத்தில், 1955இல், அதே உலையின் உள்பகுதி ஒரு சோதனையின்போது உருகியது. பின்னால் யுரேனியம் நினைத்ததைவிட நிறையவே கிடைத்தது. பயம் போனது, ஆனால் பயத்தால் பிறந்த எந்திரம் போகவில்லை.

இங்கே அதே பயத்துக்கு வேறு வடிவம். 1954இல் ஹோமி பாபா மூன்று கட்டத் திட்டத்தை முன்வைத்தார். நம்மிடம் யுரேனியம் கொஞ்சம், தோரியம் ஏராளம். தோரியம் நேரடியாக எரியாது, அது நியூட்ரானை விழுங்கி யுரேனியம்-233 ஆன பிறகே எரியும். ஆகவே முதல் கட்டத்தில் இயற்கை யுரேனியத்தில் ஓடும் கனநீர் உலைகள். அவற்றின் கழிவிலிருந்து பிரித்த புளுட்டோனியத்தில் ஓடும் ஈனுலைகள் இரண்டாம் கட்டம். அங்கே புளுட்டோனியம் பெருகிய பிறகு, மூன்றாம் கட்டத்தில் தோரியம். காகிதத்தில் பார்த்தால் ஒரு படிக்கட்டு மாதிரி நேர்த்தியாக இருக்கும்.

தோரியம் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. தென்னார்க்காட்டுத் தெருக்கூத்தில் விடியவிடிய எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில், தோரிய நைட்ரேட்டில் நனைத்த துணிதான். மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் உள்ள மோனசைட்டை ஐரோப்பியர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேடி வந்ததே இந்த விளக்குகளுக்காக. 1947இல் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் தனிநாடு என்று அறிவித்தபோது, அந்தக் கணக்கில் இந்த மணலுக்கும் ஒரு இடம் இருந்தது. சுதந்திர இந்தியா 1955இல் டிராம்பேயில் தோரிய ஆலையைத் திறந்தபோதும் அதன் சரக்கு மேன்டில் தொழிலுக்குப் போனது. துரௌபதி வேஷத்தின் முகத்தில் விழுந்த அந்த வெள்ளை வெளிச்சம் தோரியத்தின் வெளிச்சம். ‘நாளைய எரிபொருள்’ என்று பெயர் வாங்குவதற்கு முன் அதற்கு இப்படி ஒரு நேற்று இருந்தது.

மூன்று கட்டத்தின் இரண்டாம் படி கல்பாக்கத்தில் வைக்கப்பட்டது. 1971இல் அங்கே உலை ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது (1985இல் அதற்கு இந்திரா காந்தி பெயர்). அதற்கு முன்பே, 1969இல், பிரான்சுடன் ஒப்பந்தம் போட்டு அவர்களுடைய ராப்ஸோடி உலையின் மாதிரியில் ஒரு சோதனை ஈனுலைக்கு ஏற்பாடு. இதற்கிடையில் 1974 மே 18. பொக்ரானில் வெடித்த புளுட்டோனியம், அமைதிப் பணிக்கு மட்டும் என்று சொல்லிக் கனடாவிடம் வாங்கிய சைரஸ் உலையில் பிறந்தது. டிராம்பேயில் 1964இலேயே புளுட்டோனியம் பிரிக்கும் ஆலை எதற்கு என்று கேட்டவர்களுக்கு வெளியே சொல்லப்பட்ட பதில்: ஈனுலைக்காக. ஈனுலை பிறக்கும் முன்பே அதன் பெயரால் பிள்ளை பிறந்துவிட்டது.

பொக்ரானுக்குப் பிறகு பிரான்சு செறிவூட்டிய யுரேனியம் தர மறுத்தது. நம் விஞ்ஞானிகள் புளுட்டோனிய கார்பைடு, யுரேனிய கார்பைடு கலந்து தாங்களே ஓர் எரிபொருளைச் செய்தார்கள். உலகத்தில் வேறு எங்கும் ஓர் உலையின் முழு உட்பகுதிக்கும் அதை முதன்மை எரிபொருளாக வைத்து ஓட்டியதில்லை. அது சாதனைதான், அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சோதனை ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று தொடர்வினை நிலையை எட்டியது. 1987 மே மாதம் எரிபொருள் மாற்றும்போது உள்ளே தண்டுத் தொகுதி வளைந்து விபத்தாகி, இரண்டு வருஷம் உலை நின்றது. 1997இல்தான் மின்கட்டமைப்போடு முதலில் இணைந்தது. வடிவமைத்தபடி 40 மெகாவாட் வெப்பத்தை அது எட்டியது 2022இல், பிறந்து 36 வருஷம் கழித்து.

பெரிய உலையின் கதை 2003இல் தொடங்குகிறது. அதற்கென்று ‘பாவினி’ என்ற நிறுவனம், 3,492 கோடி ரூபாய் மதிப்பீடு, 2010இல் முடியும் என்ற வாக்குறுதி. 2004 அக்டோபரில் கட்டுமானம் தொடங்கியது, டிசம்பர் 26 அன்று சுனாமி அஸ்திவாரக் குழியை நிரப்பியது. அணுநகரியத்திலும் பக்கத்து மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின. பிறகு 2010 வந்தது, போனது. மதிப்பீடு இரண்டு மடங்கைத் தாண்டியது. எரிபொருள் ஏற்றும் வேலையைப் பிரதமர் முன்னிலையில் தொடங்கிவைத்தது 2024 மார்ச் 4 அன்று.

தாமதம் இந்தியாவின் சொத்து மட்டும் இல்லை. பிரான்சின் சூப்பர்ஃபீனிக்ஸ் 1,200 மெகாவாட், உலகத்திலேயே பெரிய ஈனுலை. 1977இல் அதை எதிர்த்த ஊர்வலத்தில் போலீஸின் கையெறிகுண்டுக்கு ஓர் இளம் ஆசிரியர் பலியானார். 1985இல் இயங்கத் தொடங்கிய அது ஓடியதைவிட நின்ற நாளே அதிகம், 1997இல் மூடும் முடிவு வந்தது. ஜப்பானின் மோஞ்சுவில் 1995 டிசம்பர் 8 அன்று சோடியம் கசிந்து எரிந்தது. நிர்வாகம் அந்த வீடியோவில் மோசமான பகுதிகளை மறைத்துவிட்டுக் காட்டியது தெரியவந்தபோது கசிவைவிட அந்த மறைப்பே பெரிய விஷயமானது. 2016இல் அதையும் மூட முடிவெடுத்தார்கள். ஜெர்மனியில் கால்கர் உலை கட்டி முடித்தும் ஒரு நாள்கூட ஓடவில்லை. இப்போது அது ராட்டினம் சுற்றும் கேளிக்கைப் பூங்கா. ரஷ்யாவில் மட்டும் பெலோயார்ஸ்க் உலை, பல சோடியக் கசிவுகளைத் தாண்டி 1980லிருந்து மின்சாரம் தந்து வந்திருக்கிறது. ஆகவே ‘முடியவே முடியாது’ என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. ‘எதற்காக’ என்று கேட்கத்தான் ஆதாரம் இருக்கிறது.

4

இனி அந்தக் கணக்குக்கு வரலாம். ஒரு மெகாவாட் வெப்பத்தை ஒரு நாள் பூராவும் தர, தோராயமாக ஒரு கிராம் அளவு அணுக்கள் பிளக்க வேண்டும். 1,250 மெகாவாட் உலை வருஷத்தில் முக்கால் பங்கு நாள் ஓடினால் ஏறக்குறைய 340 கிலோ. கல்பாக்கம் உலையின் பெருக்க விகிதம் 1.05 என்கிறார்கள், அதாவது 100 தீர்ந்தால் 105 உண்டாகும். அப்படியானால் வருஷத்துக்கு மிச்சம் சுமார் 17 கிலோ. அதே மாதிரி இன்னோர் உலையைத் தொடங்க ஏறக்குறைய இரண்டு டன் புளுட்டோனியம் வேண்டும். 2,000ஐ 17ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது வீணாவது, தண்டுகள் ஆறும்வரை காத்திருப்பது இதையெல்லாம் விட்டுவிட்டாலும் நூறு வருஷத்துக்கு மேல். நம்ம ஊர்ல ஒரு பசு நூறு வருஷத்துக்கு ஒரு தடவை கன்று போடும்னு சொன்னா அதை யாரும் கறவை மாடுன்னு சொல்லமாட்டாங்க.

இது முன்மாதிரிதான், உலோக எரிபொருளுக்கு மாறினால் பெருக்கம் வெகுவாகக் கூடும், அப்போது இரட்டிப்புக் காலம் குறையும் என்பது அணுசக்தித் துறையின் பதில். நியாயமான பதில். ஆனால் அது மறுபடியும் ‘நாளை’யைத்தான் காட்டுகிறது. 2000இல் 10,000 மெகாவாட் என்று 1980களில் இதே துறை திட்டம் போட்டது. 2000 முடியும்போது நாட்டின் மொத்த அணு மின்திறன் 3,000 மெகாவாட்டைத் தொடவில்லை.

சரி, அளவில் இவ்வளவு சொற்பமாகப் பெருக்கும் எந்திரத்துக்கு ஏன் இவ்வளவு முனைப்பு? இங்கேதான் போர்வையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

எல்லாப் புளுட்டோனியமும் ஒன்றில்லை. மின் உலையில் எரிபொருள் வெகுகாலம் கிடப்பதால் புளுட்டோனியம்-239 மேலும் நியூட்ரானை விழுங்கிப் புளுட்டோனியம்-240 ஆகிறது. 240 கலந்த சரக்கு குண்டு செய்பவர்களுக்குத் தொல்லை. அவர்கள் கேட்பது 240 ஏழு சதவீதத்துக்குள் இருக்கும் சுத்தமான சரக்கு. ஈனுலையின் நடுப்பகுதியில் போடுவது மின் உலைக் கழிவிலிருந்து எடுத்த கலப்பான புளுட்டோனியம். போர்வையில் கிடைப்பதோ, நியூட்ரான் கொஞ்சமாகவே படுவதால், ஏறத்தாழ கலப்பற்ற 239. அளவில் பெரிய லாபம் இல்லை. ஆனால் மட்டமானதைக் கொடுத்து உயர்ந்ததை வாங்கிக்கொள்ள முடிகிறது. கல்பாக்கம் உலை இந்த வகையில் ஆண்டுக்கு 140 கிலோ வரை ஆயுதத் தரப் புளுட்டோனியம் தர முடியும் என்று 2007இல் அலெக்சாண்டர் கிளேசரும் எம்.வி. ரமணாவும் கணக்கிட்டார்கள். நாகசாகியில் விழுந்த குண்டில் இருந்தது ஆறு கிலோ சொச்சம்.

அந்தப் போர்வை அப்படித்தான் பயன்படுகிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. பயன்படுத்த முடியும் என்ற சாத்தியத்தை அரசு மிகுந்த கவனத்தோடு காப்பாற்றி வைத்தது என்பதுதான் பதிவாகியிருக்கிற வரலாறு. அமெரிக்க ஒப்பந்தப் பேச்சு நடந்த 2006இல், எந்தெந்த உலைகளைச் சர்வதேசக் கண்காணிப்பில் வைப்பது என்ற பட்டியல் தயாரானது. ஈனுலைகளை அதில் சேர்க்கவே முடியாது, எரிசக்திக்கும் வேண்டும், அணு ஆயுதத் தற்காப்புக்கும் வேண்டும் என்று அணுசக்தித் துறைத் தலைவர் அனில் காகோட்கர் பத்திரிகைப் பேட்டியிலேயே வெளிப்படையாகச் சொன்னார். அந்த மார்ச்சில் வெளியான பட்டியலில் கல்பாக்கத்தின் இரண்டு ஈனுலைகளும் இல்லை. ஒரே உலைக்கு இரண்டு முகம் என்று நாம் சொன்னால் அது தேசத்துரோகம், துறைத் தலைவரே சொன்னால் ராஜதந்திரம்.

5

இரண்டு முகம் உள்ள பொருளைச் சுற்றி இரட்டைச் சுவர் எழும். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் தன் 18ஆம் பிரிவில், அணு உலைகள் பற்றிய தகவலை வெளியிடாமல் தடுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 1983இல் உருவான ஒழுங்காற்று வாரியம், தான் கண்காணிக்க வேண்டிய துறையின் செயலரே தலைவராக இருக்கும் ஆணையத்துக்குக் கீழேயே வைக்கப்பட்டது. 2012இல் தலைமைத் தணிக்கையாளரே இதைக் குறையாக எழுதினார். 2000இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகள் அந்த வாரியத்தின் பார்வையிலிருந்தும் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலை.

2003 ஜனவரி 21 அன்று அந்த ஆலையில், குறைந்த கதிர்வீச்சுக் கழிவு மட்டும் இருக்க வேண்டிய தொட்டிக்கு, பழுதான வால்வு வழியாகக் கடும் கதிர்வீச்சுக் கழிவு வந்துவிட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப் போன இடத்தில் ஆறு தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அந்த இடத்தில் எச்சரிக்கும் கருவி இல்லை. சில நாளில் பணியாளர் சங்கம் பாதுகாப்புக் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தது. வெளியுலகுக்கு விவரம் தெரியப் பல மாதம் ஆயிற்று. இந்திய அணுத்துறை வரலாற்றிலேயே கதிர்வீச்சுக்கு ஆளான வகையில் மோசமான விபத்து இது என்று மையத்தின் இயக்குநரே பிறகு ஒப்புக்கொண்டார். ஈனுலையின் பிரசவ அறை என்று மேலே நான் சொன்ன இடம் இதுதான். கன்று ஈனும் வர்ணனையில் இந்த ஆறு பேருக்கு இடமில்லை.

அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று ஈனும் என்று பூக்கோ வழியாக நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இங்கே நடப்பதில் ஒரு வித்தியாசம் உண்டு. அறிவு என்று சொல்லப்படுவது தகவலைத் தராமல் இருப்பதாலேயே அதிகாரமாகிறது. மீனவரிடம் ‘உங்களுக்குப் புரியாது’ என்பது முதல் வாக்கியம். புரிந்துகொண்டு கேட்டால் ‘ரகசியம், சொல்ல முடியாது’ என்பது இரண்டாவது. முதல் வாக்கியம் எதற்காக என்பது இரண்டாவது வந்த பிறகுதான் தெரிகிறது.

வற்றாத பாத்திரம் என்ற கற்பனை நமக்குப் புதிதில்லை. மணிமேகலையின் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. ஆனால் அதில் முதல் பிச்சையை ஆதிரை இட்டாள், அதன் சோறு காயசண்டிகையின் யானைப்பசியைத் தீர்த்தது, அது போன இடத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமானது. குறையாமை அந்தப் பாத்திரத்தின் அற்புதம் என்றால், யார் வேண்டுமானாலும் வந்து கை நீட்டலாம் என்பது அதன் அறம். கல்பாக்கத்துப் பாத்திரத்தில் அற்புதம் நூறு வருஷத்துக்கு அப்பால் நிற்கிறது. வேலியோ முதல் நாளே போட்டாயிற்று.

6

நெய்வேலிக்கு வருகிறேன். 1956இல் நிறுவனம், 1957இல் சுரங்கம், 1961இல் முதல் நிலக்கரி. அன்று நிலத்தைக் கொடுத்தவர்களுக்கும் ‘நாளை’தான் காட்டப்பட்டது. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிர்மேல் எந்திரங்கள் இறங்கின. நிலத்தை முன்பே கையகப்படுத்திவிட்டோம் என்றது நிர்வாகம், அறுவடை வரை ரெண்டு மாசம் பொறுக்க முடியாதா என்று கேட்டது உயர்நீதிமன்றம். அறுபது எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்ல முடிந்த எந்திரத்தால் நெல்லுக்காக ரெண்டு மாசம் காத்திருக்க முடியவில்லை.

பழுப்பு நிலக்கரி ஒரு நாள் தீர்ந்துவிடும். தீர்ந்துபோகும் என்பதாலேயே அந்தச் சுரங்கத்திடம் கணக்குக் கேட்க ஒரு தேதி இருக்கிறது. ஈனுலைக்குத் தேதி இல்லை. முதல் கட்டம் சரியாக வரவில்லையென்றால் இரண்டாம் கட்டத்தில் பாருங்கள், இரண்டாம் கட்டம் தாமதமானால் தோரியத்தில் பாருங்கள். யுரேனியம்-233இல் ஓடும் காமினி என்ற சிறு உலை 1996லிருந்து கல்பாக்கத்தில் இருக்கிறது, அதன் வெப்பத்திறன் 30 கிலோவாட். மூன்றாம் கட்டத்தின் கையில் இருக்கும் முன்பணம் அவ்வளவுதான். எப்போதும் அடுத்த படியில் நிற்கும் ஒரு திட்டத்திடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. கேட்பவன் அவசரக்காரன், எதிர்காலத்தின் எதிரி. இந்த உலை பெருக்குவது புளுட்டோனியத்தைவிட இந்த ‘நாளை’யைத்தான் என்று எனக்குப் படுகிறது. நிமிடம், நாள், 24,000 ஆண்டு என்ற வரிசையை நினைவில் வைக்கச் சொன்னேன். முடிவெடுப்பது நிமிடத்தில், விபத்து வந்தால் ஊரைக் காலி செய்வது நாள்கணக்கில், மிச்சத்தைக் காவல் காப்பது அந்தக் கடைசிக் கணக்கில்.

‘கரண்டு வேணாமா?’ என்று கேட்பார்கள். வேணும். அதனால்தான் கேட்கிறோம். கேட்க வேண்டியவை சாதாரணமான கேள்விகள்தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இந்த உலையில், மறுசுத்திகரிப்பும் கழிவுக் காவலும் சேர்த்து, என்ன விலை? போர்வையில் பிறக்கும் புளுட்டோனியம் எங்கே போகிறது? அது எரிபொருள்தான் என்றால் அதைச் சர்வதேசக் கண்காணிப்பில் வைக்க என்ன தடை? மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒப்பந்தக் கூலிகளாக நுழைந்தவர்கள் வாங்கிய கதிர்வீச்சின் பதிவேட்டை அவர்கள் கையிலேயே கொடுக்க என்ன தயக்கம்? சதுரங்கப்பட்டினத்திலும் கொக்கிலமேட்டிலும் இருப்பவர்கள் சோடியத் தீ பற்றி என்ன அறிந்திருக்கிறார்கள், யார் சொல்லி அறிந்திருக்கிறார்கள்?

இவற்றில் ஒன்றுக்கும் பதில் சொல்ல நூறு வருஷம் தேவையில்லை. நியூட்ரானின் பாதையை அணு அணுவாகக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு ஒரு பதிவேட்டைத் திறந்து காட்டுவது பெரிய காரியமே அல்ல. அந்தப் பதிவேடு திறக்கும்வரை ‘ஈனுலை’ என்ற அந்த அழகான சொல்லை நாம் மேற்கோள் குறிக்குள்ளேயே வைத்திருப்போம்.